நரகம் வழியாக வில்லிபுத்தூர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நரகம் வழியாக ஷேர் ஆட்டோ ஓட்டியவர் உலகத்திலேயே தீர்ப்பு அண்ணாச்சி ஒருவர்தான். வண்டியில் ஏறினவர்களுக்கெல்லாம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பிரசங்கம் செய்ததால் வந்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

எதிரே லாரி வந்தால் மற்றவர்கள் பிரேக் பிடிப்பார்கள். அண்ணாச்சி பின்னால் திரும்பி, "இப்ப அடிச்சா எங்க போவீக?" என்று கேட்பார்.

"நான் சந்தைக்குப் போவணும். மொதல்ல ரோட்டப் பாருங்க அண்ணாச்சி!" என்று கத்துவாள் மம்சாபுரத்துக் கொய்யாப்பழக்காரி செல்லத்தாய்.

நான் மில்லில் பஞ்சு சுமக்கிறவன். கூச்சக்காரன். கைகாட்டி வண்டியை நிறுத்தவே வெட்கம். அவராக நிறுத்தி ஏற்றிக்கொள்வதால் பல வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே நரகம் போய் வந்தேன். மாரியம்மனைக் கும்பிடுகிறவன் வேறு. "ஒனக்கு அங்க தனி எடமே இருக்குல" என்பார். சொல்லிவிட்டு, எனக்கு வெயில் அடிக்கிறதென்று படுதாவை இறக்கி விடுவார்.

அவருக்குப் பிடித்த பைபிள் கதை ஒன்று. ராஜா கல்யாண விருந்துக்குக் கூப்பிடுகிறார். வயல் கிடக்கு, வேலை கிடக்கு என்று ஒருவரும் வரவில்லை. "சும்மா குடுத்த கிருபையத் தள்ளுனா பொறவு என்ன? வெளிய இருட்டு! அழுகை! பல்லுக்கடிப்பு!" சொல்லுக்கு ஒரு ஹாரன்.

அவருடைய சர்ச்சில் வருடம் ஒருமுறை அசனம். சாதி, மதம் பார்க்காமல் ஊரையே வரிசையாக உட்கார வைத்துக் கறிச்சோறு போடுவார்கள். ஆட்டோ ஆட்டோவாக ஆள் கொண்டுவந்து இறக்கும் அண்ணாச்சி, தான் மட்டும் உள்ளே போக மாட்டார். கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து, தூக்குவாளியில் கொண்டுவந்த பழைய சோற்றைத் தின்பார்.

காரணம், உள்ளே சமையல் அவருடைய தம்பி. அம்மா செத்த அன்று எங்கோ குடித்துக் கிடந்து, குழியில் மண் போடக்கூட வராத தம்பி. பிறகு குடியை விட்டான். மனம் திரும்பி அசனத்துக்குக் கரண்டி பிடித்தான்.

"ஆண்டவரு மன்னிச்சிருப்பாரு. அவரு அவசரப்பட்டா நானும் அவசரப்படணுமா?" என்பார் அண்ணாச்சி.

ஒரு வருடம் நான் உள்ளே போகக் கூச்சப்பட்டு கேட் ஓரமாக நின்றிருந்தேன். செல்லத்தாய் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தவள், ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, உள்ள விருந்து நடக்கு. கூப்பிட்டும் வராம வெளிய கெடக்கது யாரு?"

அண்ணாச்சியின் கை ஹாரனுக்குப் போனது. அடிக்கவில்லை.

தம்பி கரண்டியோடு வந்து நின்றான். "அண்ணே, சோறு ஆறுது." வருடா வருடம் அவன் இதைத்தான் சொல்வான். உடனே அண்ணாச்சி வண்டியைக் கிளப்பிவிடுவார்.

அன்று கிளப்பவில்லை. இறங்கினார். தனியாகப் போக வெட்கமோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். முதல் வாய் சோற்றைத் தின்றுவிட்டு, "உப்பு கொஞ்சம் கூட" என்று தீர்ப்புச் சொன்னார். தம்பி அழுதுகொண்டே சிரித்தான். அண்ணாச்சி மறுசோறும் வாங்கினார்.

போன வருடம் அவர் போய்விட்டார். முதல் பிடி மண் போட்டது தம்பி.

இப்போது ஆட்டோக்களில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. லாரி வரும்போது மட்டும், யாராவது திரும்பி, "இப்ப அடிச்சா எங்க போவே?" என்று கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது. கேட்டால், அண்ணாச்சி இருக்கிற இடத்துக்கு என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுவேன்.