பெரிய வெள்ளிக்கிழமையில் தட்டிப் பார்த்த அடைகல்

விழுப்புரம்,
7-4-1958, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை பெரியதம்பி அவர்களுக்கு மாமனார் துரைக்கண்ணு அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உங்கள் அத்தை தையல்நாயகியும் சௌக்கியம். அத்தைக்கு மட்டும் என் மேல் கோபம், அது வழக்கமானதுதான். திண்டிவனத்தில் நீங்களும் அம்சாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

விஷயம் அடைகல். அண்ணனோடு முறைத்துக்கொண்டு தனிக் கொட்டகை போட்டுவிட்டீர்கள், சித்திரை முதல் தேதி உலை மூட்ட வேண்டும், அன்றைக்குக் காய்ச்சின இரும்பை வைத்து அடிக்க அடைகல் இல்லையென்றால் திரும்பவும் அண்ணன் பட்டறைக்கே போய்ச் சம்மட்டி பிடிக்க வேண்டியதுதான் என்று அம்சா எழுதியிருந்தாள். "விக்கிரவாண்டிக்கு அந்தாண்ட தொம்மைன்னு ஒருத்தரு, நெய்வேலில வேலை கெடச்சுப் போறாராம். அவருகிட்ட ஒரு சீமை இரும்புக் கல்லு இருக்குதாம். நீ போயித் தட்டிப் பாத்துட்டு வாப்பா, உன் காது யாருக்கு வரும்" என்றும் எழுதியிருந்தாள். வாஸ்தவம். முப்பத்தொரு வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொன்னவன் நான். நல்ல இரும்பைக் கெட்டது என்றோ, கெட்டதை நல்லது என்றோ இந்த வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. பென்ஷன் வாங்கி ரெண்டு வருஷமாகத் தட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல், வீட்டில் அண்டா, தவலை, இஸ்திரிப் பெட்டி என்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்கினால் ஊரே இழவு வீடு மாதிரி இருக்கிறது. ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள், அன்றைக்குப் பெரிய வெள்ளிக்கிழமை. எனக்கென்ன தெரியும்? தொம்மையின் வீடு மாதா கோயிலுக்கு நேர் எதிரே. என்னைக் கண்டதும் மனுஷன், "மாமாவா? ஞாயித்துக்கெழமைக்கு மேலதான வருவீங்கன்னு..." என்று இழுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம். "ஏற்கெனவே ஒருத்தரு தட்டிப் பாத்துப் பிடிச்சுதுன்னு சொல்லிட்டாருங்க" என்றார். விலையை ஏற்றுகிற பேச்சு, நமக்குத் தெரியாதா! கல்லைப் பார்த்தேன். நூல் பிடித்தேன், மேல்முகத்தில் பள்ளம் இல்லை. ஒரு ஓரத்தில் நகக்கண் அளவு சிதைவு, அது பரவாயில்லை. கூம்பாக நீண்ட கொம்பின் முனை உடையவில்லை. பேரிங் குண்டை ஒரு முழத்திலிருந்து விட்டேன், முக்கால் முழம் துள்ளி வந்தது. பழசில் அந்தத் துள்ளல் லேசில் கிடைக்காது. தொம்மை நூறு ரூபாய் என்றார், என் மதிப்பில் நூற்றைம்பது பெறும், அதை வெளியே சொல்லவில்லை. சரி என்று சுத்தியலை எடுத்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். "வாணாங்க, வாணாங்க! ஆண்டவர் உயிர்க்கிற வரைக்கும், இன்னிக்கும் நாளைக்கும், எங்க ஊர்ல மணிச்சத்தமே கேக்கக் கூடாதுங்க. கோயில்லியே மரக்கட்டையத்தான் தட்டுறோம். ஞாயித்துக்கெழம ஆசை தீரத் தட்டுங்க" என்று சொல்லி, கல்லின் மேல் ஈரச் சாக்கை வேறு போட்டு மூடினார். நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, தட்டவே விடாத இரும்பை எவனாவது நம்புவானா? கீறல் இருக்குது, அதான் சாமி மேல பழியப் போடுறான்னு முடிவு பண்ணிட்டேன்.

மூன்று மணிக்குத் தொம்மை கோயிலுக்குப் போனார். நான் சாக்கை எடுத்தேன். ஒரே ஒரு தட்டுத்தான். அடடா! என்ன சத்தம் என்கிறீர்கள்! வெண்கல மணி தோற்றது. சந்தோஷம் தாங்காமல் நடுவில் ஒன்று, பின்பக்கக் குதியில் ஒன்று, கொம்பில் ரெண்டு போட்டேன். அங்கேதான் வந்தது வினை. கோயிலுக்குள் இடமில்லாமல் வெளியே நின்ற கூட்டம் எல்லாம் சலசலக்கிறது. அமல்ராணி என்று ஒரு அம்மா, "ஏண்டி, மணி அடிச்சுட்டாங்க, ஆண்டவர் உயிர்த்துட்டாரு! ரெண்டு வருஷமா பூசை நேரத்த மாத்திக்கினே இருக்காங்க, இப்ப வெள்ளிக்கெழமைக்கே மாத்திட்டாங்க போல" என்று கத்திக்கொண்டே ஒருசந்தி நோன்பை முடிக்க வீட்டுக்கு ஓடுகிறார். ராயப்பன் என்பவர் நாற்பது நாளாகத் தொடாத பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கட்டி வைத்திருந்த ஆட்டை ஜல்தியாக அறுத்தே விட்டார். சாமியார் மரக்கட்டையும் கையுமாக வெளியே வந்தார், சுத்தியலும் கையுமாக நான் நின்றேன். "யாருய்யா நீ?" என்றார். சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ரயில் சக்கரம் தட்டின கதையை முதலிலிருந்து சொன்னேன்.

ஆனால் நல்ல மனுஷர். என் சர்வீஸைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. "எங்க மணி போன வருஷமே வெடிச்சுப் போச்சு, தகர டப்பா மாதிரி சத்தம். முப்பத்தொரு வருஷம் இரும்போட பேசுன காதுய்யா உமக்கு, இந்தக் கல்லையே உயிர்ப்புப் பூசைக்கு நீரே அடிச்சுக் குடும்" என்றார். பென்ஷன் வாங்கியதிலிருந்து என் காதை ஒருவரும் இப்படிப் புகழ்ந்ததில்லை மாப்பிள்ளை, உருகிவிட்டேன். சனிக்கிழமை நடுராத்திரிப் பூசைக்கு நானே அடித்தேன். ஞாயிறு காலை ஊர் மொத்தமும், "இதையே மணியா வெச்சுக்கிறோங்க" என்று கேட்டது. எங்களுக்கு வாணாம், கோயிலே வெச்சுக்கட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டேன். தொம்மைதான், "அது எப்படிங்க, அவர ஒரு வார்த்த கேக்க வாணாமா?" என்று பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தார். "எங்க மாப்பிள்ள என் பேச்சத் தாண்ட மாட்டாரு" என்று அடக்கிவிட்டேன்.

ஆகையால் உலை மூட்டுவதை ஆவணிக்குத் தள்ளி வையுங்கள், அதற்குள் வேறு கல் தட்டிப் பார்த்துவிடுகிறேன். திருவக்கரை அம்மன் உங்கள் ரெண்டு பேரையும் குறையில்லாமல் வைக்கட்டும். அண்ணனிடம் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
துரைக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் அம்சாவின் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். "அப்பா, நீ சனிக்கெழம ஆகியும் வீடு திரும்பலன்னு அம்மா பயந்துக்கினு சொல்லி அனுப்புச்சு, அதான் உண்மையச் சொல்லிடுறேன். அந்தக் கல்ல அவரு மாசி மாசமே தட்டிப் பாத்து, முழுசாப் பணம் குடுத்து முடிச்சுட்டாரு. நீ அண்டாவத் தட்டிக்கினு பேஜார் பண்றன்னு அம்மாதான் உனக்கு ஒரு வேலை குடுக்கச் சொல்லுச்சு. தொம்மை அண்ணன்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லி வெச்சிருந்தோம். கோச்சுக்காத" என்று எழுதியிருக்கிறாள். படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்கள் அத்தை அடுப்படியில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உலை சித்திரை ஒன்றிலேயே மூட்டுங்கள். ஊர் கூடி நிற்க நானே கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வராது. நாளை முதல் பஸ்ஸில் போய், சாமியார் எதிரிலேயே கல்லை இன்னொரு தடவை தட்டி, காதை வைத்து, முகத்தைச் சுளித்து, "உள்ளே கீறல் விட்டிருக்குதுங்க, பத்து நாள் தாங்காது" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு வரப் போகிறேன். முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் பொய், உங்களுக்காகச் சொல்கிறேன். கல் வந்ததும் கொஞ்ச நாளைக்கு மெதுவாகவே அடியுங்கள் மாப்பிள்ளை, சாமியார் மாசத்துக்கு ரெண்டு தடவை திண்டிவனம் வருவாராம்.