சல்லடை கண்ட கிரகணம்

நினிவே நகரத்துக் கோபுர உச்சியில் உட்கார்ந்து வானம் பார்க்கும் என் அண்ணன் சுலாயா அவர்களுக்கு, ஆற்றோரத்து வெள்ளரித் தோட்டத்திலிருந்து உங்கள் தங்கை பானிது சொல்லி எழுதுவது. முந்தாநாள் கொஞ்ச நேரம் முகம் வாடிப் பிறகு தேறிவிட்ட சூரிய தேவன் ஷமாஷும், எழுத்துக்கு அதிபதியான நபுவும் உங்களுக்கு நூறு வயதும் கெடாத கண்பார்வையும் கொடுக்கட்டும். இங்கே நான் நலம். கழுதை நலம். ஆடுகள் நலம். வெள்ளரி நலமில்லை, காரணம் பின்னால் வருகிறது. உங்கள் மாப்பிள்ளை குப்புரு நலமா என்று நான்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் இப்போது உங்கள் ஊரில் ராஜாவாக இருக்கிறார்.

எங்கள் ஊர் எழுத்தர் அறுவடை முடிந்ததும் மாமியார் வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. எப்படியோ ஓர் ஆளைப் பிடித்துக் களிமண்ணோடு உட்கார வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் எழுதுகிறார். ஆனால் நான் சொல்லச் சொல்ல நடுநடுவே இருமுகிறார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அண்ணா, முதலில் உங்களைப் பாராட்ட வேண்டும், திட்டுவது அப்புறம். இந்த மாதக் கடைசியில், நிலவு கண்ணில் படாத நாளில், சூரியனுக்குக் கிரகணம் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்பே சொன்னீர்களே, அது எவ்வளவு பெரிய வேலை! பதினெட்டு வருஷத்துக்கு முந்திய களிமண் பலகைகளை எல்லாம் தூசி தட்டிப் படித்து, போன கிரகணம் எந்த நாள், அதற்கு முந்தியது எந்த நாள் என்று எண்ணி, சூரியனையே வாசலில் காத்திருக்க வைத்துவிட்டீர்கள். என் அண்ணன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் அரண்மனை நடுங்கிப்போய், கிரகணத்தின் தீங்கு ராஜாவின் தலையில் விழாமல் இருக்க வேறொருவனைச் சிம்மாசனத்தில் உட்கார வைப்பது என்று பழைய வழக்கப்படி முடிவெடுத்தார்கள். அன்றைக்குப் பார்த்து உங்கள் மாப்பிள்ளை அரண்மனைச் சமையற்கட்டுக்கு வெள்ளரி கொண்டுபோயிருந்தார். "யாருப்பா வர்றது?" என்று ஓர் அதிகாரி முற்றத்தில் நின்று கேட்டாராம். எதற்கு என்று கேட்காமல் இவர் கையைத் தூக்கியிருக்கிறார். உங்களுக்குத்தான் தெரியுமே, கல்யாணத்தன்றும் அப்படித்தான் தூக்கினார்.

போனது போகட்டும், அதோடு விட்டார்களா? வானத்தை ஏமாற்றுவதென்றால் முழுசாக ஏமாற்ற வேண்டுமாம், ஆளுக்கு ஆள் மாற வேண்டுமாம். மறுநாள் காலை நாலு வீரர்களும் ஓர் அதிகாரியும் நம்முடைய நிஜ ராஜாவை, நாலு திசைக்கும் அதிபதியை, குப்புருவின் பழைய சட்டையை மாட்டி என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"இந்தாம்மா, இவரு இனிமே ராஜா இல்ல, குப்புரு. சேதிப் பலகை வந்தாலும் 'குடியானவருக்கு'ன்னுதான் வரும். வானம் கேட்டுக்கிட்டே இருக்கு, மரியாதையா ஒரு வார்த்தை வாய் தவறி வந்துச்சுன்னா குட்டு ஒடஞ்சிரும். ஒன் புருஷன எப்படி நடத்துவியோ அப்படியே நடத்து."

"எப்படி நடத்துவேன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம்."

சரி என்று ஆட்டுக்கொட்டிலில் புது வைக்கோல் போட்டுப் படுக்கை காட்டினேன். புருஷன் மாதிரி நடத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு இல்லையா? அன்றிலிருந்து இந்த வீடு பட்ட பாட்டை எந்தப் பலகையில் எழுதுவது! முதல் நாள் களை எடுக்கச் சொன்னேன், மூன்று பாத்தியிலும் வெள்ளரி நாற்றை எல்லாம் பிடுங்கிவிட்டு, களையை ஓர் இலைகூட வாடாமல் விட்டு வைத்திருந்தார், ஏனய்யா என்றால் "பச்சையா, திடமா இருந்ததை விட்டுட்டேன், துவண்டு கெடந்ததை எடுத்துட்டேன்" என்கிறார், படைக்கு ஆள் எடுக்கிற பழக்கம் போலிருக்கிறது. இரண்டாம் நாள் கழுதையிடம் "நட" என்றார். அது நடக்கவில்லை. தன் சொல்லைக் கேட்காத ஒரு ஜீவனைப் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார், அரை நாள் அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஆடு கறக்கும்போது அரண்மனைத் தூதன் குதிரையில் வந்து, "குடியானவரே, ஏலாம் நாட்டுத் தூதர் வந்து காத்திருக்காரு, என்ன பதில் சொல்லட்டும்?" என்று பணிவாகக் கேட்க, இவர் மடியை விட்டுவிட்டு யோசிக்க ஆரம்பிக்க, ஆடு பால்சட்டியை உதைத்துக் கவிழ்த்தது. "இந்தாய்யா, மொதல்ல பாலு, அப்புறம் ஏலாம்!" என்று கத்தினேன். தூதன் வெலவெலத்துப் போய்விட்டான். இவர் மட்டும் சட்டியை நிமிர்த்தி வைத்து மறுபடி கறக்க உட்கார்ந்தார். அந்தக் குணத்தை நான் மெச்சத்தான் வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்து உபாருவுக்கும் உங்கள் மாப்பிள்ளைக்கும் வாய்க்கால் தண்ணீர் தகராறு ஏழு வருஷமாக நடக்கிறதே, ஆள் மாறினால் தகராறும் மாறித்தானே வரும்? ஒருநாள் உபாரு நம் முறையில் மடையை அவன் பக்கம் திருப்பிவிட்டான். இவர் கரையில் நிமிர்ந்து நின்று, "மடையைத் திருப்பு. இது உத்தரவு" என்றார்.

"உத்தரவா? யோவ் குப்புரு, போன மாசமும் இதே வாயிலதான் சொன்ன, அப்புறம் சேத்துல விழுந்து எந்திரிச்சுப் போனியே, மறந்துபோச்சா?" என்றான் உபாரு. வந்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், ஆனால் வானம் கேட்டுக்கொண்டிருக்கிறதே! அந்தத் தைரியத்தில் மண்வெட்டி நிறையச் சேற்றை அள்ளி வீசினான். ராஜா தோற்று வீட்டுக்கு வந்தார், தாடியெல்லாம் சேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணா, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சேறு குப்புரு மேல் விழ வேண்டியது.

அங்கே அவர் எப்படி இருக்கிறார் என்று தூதன் வரும்போதெல்லாம் கேட்பேன். சிம்மாசனத்தில் முதுகு வலிக்கிறது என்று வைக்கோல் மூட்டை கேட்டாராம். முதல் உத்தரவாகக் காவல்காரர்களை எல்லாம் உட்காரச் சொன்னாராம். வறுத்த வாத்தை நகர்த்திவிட்டு வெங்காயமும் பார்லி ரொட்டியும் கேட்டாராம். எனக்கு ஒரு செய்தியும் சொல்லி அனுப்பினார். "வெயில் ஏறுறதுக்கு முன்ன வெள்ளரிக்குத் தண்ணி விடச் சொல்லு. ராஜாவ ரொம்பத் திட்ட வேணாம்னு சொல்லு, அவருக்குப் பழக்கம் இருக்காது. இங்க எது கேட்டாலும் கொண்டாந்து குடுக்கறாங்க. ஆனா ஒருத்தரும் என் கண்ணப் பாக்க மாட்டேங்கறாங்க." இவ்வளவுதான். கிரகணம் முழுதாக விழுந்தால் சிம்மாசனத்தில் இருப்பவன் "விதியிடம் போவான்" என்று அரண்மனையில் நாகரிகமாகச் சொல்வார்கள். கொன்றுவிடுவார்கள் என்று நான் சொல்கிறேன். அது தெரிந்தும் வெள்ளரியைப் பற்றிக் கவலைப்படுகிற மனுஷனை இத்தனை வருஷம் கையாலாகாதவர் என்று திட்டியிருக்கிறேன். நான் அழவில்லை, எழுதய்யா, அழவில்லை என்று எழுது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். சின்ன வயதில் கிரகண வகையை எனக்கு என் ரொட்டியை வைத்துத்தானே காட்டினீர்கள்? வலப்பக்கம் அக்காடு, இடப்பக்கம் ஏலாம், மேலே மேற்கத்தியர், கீழே நம் நாடு என்று நகத்தால் கோடு கிழித்தீர்கள். ஓரத்தைக் கடித்து, "இது பாதிக் கிரகணம், கடிச்ச பக்கத்து நாட்டுக்குத்தான் கேடு" என்றீர்கள். மிச்சத்தை மொத்தமாக வாயில் போட்டு, "இது முழுக் கிரகணம், ராஜாவுக்கே கேடு" என்றீர்கள். நான் பசியோடு, "நடுவுல மட்டும் தின்னுட்டு ஓரத்த விட்டு வச்சா?" என்று கேட்டேன். "அப்படி யாரும் ரொட்டி தின்ன மாட்டாங்கடி, பலகையில அப்படி ஒண்ணும் கெடயாது" என்றீர்கள்.

அண்ணா, முந்தாநாள் ஒருவர் அப்படித் தின்றார்.

உச்சிப் பொழுது களத்தில் நான் பார்லி சலித்துக்கொண்டிருந்தேன், இவர் எதிரில் குனிந்து உமியைக் கூட்டிக்கொண்டிருந்தார். வெயில் இருந்தது, ஆனால் வெயிலின் நிறம் சரியில்லை, நிழலெல்லாம் கத்தியால் அறுத்த மாதிரி கூர்மையாக ஆனது, கழுதை காதை மடக்கிக்கொண்டது. சூரியனை அண்ணாந்து பார்க்க முடியவில்லை. கீழே பார்த்தேன். சல்லடைக் கண் ஒவ்வொன்றின் வழியாகவும் தரையில் ஒரு வளையல் விழுந்திருந்தது. நூறு, இருநூறு வளையல், எல்லாம் நடுவில் கருப்பு, சுற்றிலும் பொன், எங்கேயும் ஒரு துளி அறுபடாத வட்டம். ராஜாவின் முதுகு முழுக்க வளையல். என் பிறவியில் இவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை, பயப்படவே மறந்துவிட்டேன். அவர்தான் பயந்து போய்த் துணியை இழுத்துத் தலையை மூடினார்.

"இந்தாய்யா, மூடாத! வந்து இந்தச் சல்லடைய நேராப் பிடி, நான் குனிஞ்சு பாக்கணும்."

அவர் வந்து பிடித்தார். இரண்டு பேரும் அந்த வளையல் ஒரு பக்கம் தேய்ந்து, பிறையாகி, மறுபடி உருண்டை வெயிலாகும்வரை பார்த்தோம். பிறகு மெல்ல, "எங்கப்பா சேத்து வச்ச பலகையிலகூட இது இல்லையே. இதுக்கு என்ன பலன்?" என்று என்னிடம், ஒரு வெள்ளரிக்காரியிடம் கேட்டார்.

நேற்றுத் தூதன் வந்து சொன்னான். நகரத்தில் அன்றைக்குப் புழுதிக்காற்று அடித்ததாம், சூரியனே தெரியவில்லையாம், புழுதியில் இருண்டதைப் பார்த்துவிட்டு முழுக் கிரகணம்தான் என்று பண்டிதர்கள் தாமிர முரசை அடித்துத் தீர்த்துவிட்டார்களாம். நாளை மறுநாள் குப்புருவை விதியிடம் அனுப்புகிறார்களாம். நீங்கள் ஒருவர் மட்டும் "நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன்" என்று நின்றீர்களாம். அதற்காக உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தப் பண்டிதர்களிடம் ஒரு ரொட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மேலே, கீழே, வலம், இடம் என்று நாலு ஓரத்திலும் வெளிச்சம் இருந்தது, எந்த நாட்டின் பக்கமும் கடிபடவில்லை. மறைந்தது நடு மட்டும்தான். நடு எந்த நாட்டுக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. யாருக்கும் சேராத கேட்டுக்கு என் புருஷன் எதற்குச் சாக வேண்டும்?

சாட்சிக்கு இன்னொருவர் உண்டு. ஆனால் முழுக் கிரகணம் என்று முடிந்தால் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை, குப்புருவைப் புதைத்துவிட்டு, குளித்து முழுகி, சிம்மாசனத்துக்குப் போய்விடலாம். வளையம் என்று சொன்னால், நாளைக்குப் பலன் தப்பிப்போனால், அந்தக் கேடு அவர் தலைக்கு வரும். சாட்சி சொல்வேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சல்லடையைப் பிடித்த கைக்கு எது நிஜம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுதய்யா. நிறுத்தாமல் எழுது.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டுக் கூரையில் மழை ஒழுகாமலும், உங்கள் வானத்தில் புழுதி ஏறாமலும் எல்லாத் தெய்வங்களும் காக்கட்டும். குப்புருவைப் பார்க்க விட்டால் ஒரு தடவை அவர் கண்ணைப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கை பானிது

பின்குறிப்பு, பலகை ஓரத்தில்: சுலாயா, இதுவரை எழுதியவன் நான்தான். கையெழுத்து உமக்குத் தெரியும். என் முத்திரை குப்புருவின் கழுத்தில் இருப்பதால் நகத்தை அழுத்தியிருக்கிறேன். அழவில்லை என்று எழுதச் சொன்ன இடத்தில் உம் தங்கை அழுதாள், சொன்னபடி எழுதினேன். உபாருவிடம் நான் தோற்றதாக இருப்பது பிழை, விட்டுக்கொடுத்தேன். மற்றபடி கிரகணம் வளையம். நானே பார்த்தேன். சபையில் இதைப் படித்து, பலகையில் புதிதாகச் சேர்க்கவும்: சூரியன் வளையமாக நின்றால் எந்த ராஜாவும் சாக வேண்டாம், அவனுக்குப் பதிலாகவும் ஒருவன் சாக வேண்டாம். பலன் தப்பினால் அது என் தலையோடு போகட்டும். குப்புருவை இன்றே என் குதிரையில் ஏற்றி அனுப்பவும். தாமதம் கூடாது. ஆளுக்கு ஆள்தான் வழக்கம் என்று சொல்லி, அவர் வந்து சேரும்வரை தர மாட்டேன் என்று இவள் என் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறாள்.

குடியானவன்