மொட்டை மாடிச் சாவி விஷயமாக

திருமுல்லைவாயில்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மணவாளன் அவர்களுக்கு,

மாமனார் கஜபதி எழுதுவது. புனேயில் தாங்களும் என் மகள் கலைவாணியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் பிளாட்டும் தங்கள் மாமியார் வனஜாவும் நலம். என் முழங்கால் நலமில்லை. போனில் சொல்லலாமென்றால் கலைவாணி நடுவில் வாங்கிக்கொண்டு சிரிக்கிறாள், அதனால் கடிதம்.

வெயில் போய்க் காற்று திரும்பும்போது உடம்பையும் அதற்குப் பழக்க வேண்டும் என்பது சீனர்கள் கொள்கை. சீகோங் என்ற அந்தப் பயிற்சியை யாரிடமும் போகாமல் யூடியூப் பார்த்து நானே கற்றேன். முழங்காலைச் சற்று மடக்கி, கண்ணை மூடி, மெல்ல அசைந்து, கையை நீட்டி, 'ஷ்ஷ்ஷ்' என்று மூச்சை விட வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, பேசக்கூடாது. போன ஞாயிறு காலை மொட்டை மாடியில் செய்துகொண்டிருந்தேன். அன்று தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள், ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, உடுக்கைச் சத்தம். அதற்கு நான் பொறுப்பா? மாடிப்படி பெருக்க வந்த ராஜம்மா என்னைப் பார்த்துவிட்டு, "ஐயா மேல ஆத்தா வந்துகீறா" என்று கீழே குரல் கொடுத்தாள். நான் கண் திறப்பதற்குள் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், கழுத்தில் வேப்பிலை. அப்போதும் நான் நிறுத்தவில்லை, அது முறையல்ல. "தாயே, எம்புள்ள உதயகுமாருக்கு வேலை எப்ப கெடைக்கும், சொல்லு" என்று ராஜம்மா என் காலைப் பிடித்தாள். மேகத்தை விலக்கும் பயிற்சிக்காக என் இடது கை மேற்கே போனது. "ஆவடி பக்கமா தாயே?" என்றாள். நான் மூச்சை விட்டேன். மறுநாள் அந்தப் பையன் ஆவடியில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், நான் என்ன செய்ய?

அதிலிருந்து மாடியேறினால் கற்பூரத் தட்டோடு ஒரு கூட்டம் எனக்கு முன்னால் நிற்கிறது. வனஜா அவர்களை விரட்டாமல் வரிசையில் நிற்க வைக்கிறாள். "இத்தன வருஷமா நீங்க சொல்லி யார் கேட்டா? இப்பதான் கேக்குறாங்க, சும்மா இருங்க" என்கிறாள். நேற்று அசோசியேஷன் செக்ரட்டரி ஸ்ரீநாத், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், வந்தார். "அங்கிள், கசிவுக்கு அடிச்ச பெயிண்ட் மேல கற்பூரம் எரியுது. டெரஸ்ல கோயில் நடத்த முடியாது" என்று மாடிக் கதவைப் பூட்டி, சாவியை எடுத்துப் போய்விட்டார். ஹாலில் செய்தால் கை டிவியில் இடிக்கிறது. தாங்கள்தான் பிளாட்டுக்குச் சொந்தக்காரர். "என் மாமனார் சாமியாடி அல்ல, அவர்மேல் எந்தத் தெய்வமும் வராது, வந்தாலும் அவர் இடம் கொடுக்கமாட்டார்" என்று சங்கத்துக்கு உடனே எழுதிச் சாவியை வாங்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் என் முழங்காலுக்குத் தாங்களே பொறுப்பு.

தாங்கள் இருவரும் என்றும் நிமிர்ந்து நடக்க ஆசீர்வதிக்கும்,
கஜபதி

பி.கு.: சங்கத்துக்கு எழுத வேண்டாம். இப்போதுதான் ஸ்ரீநாத் தனியாக வந்து சாவியைக் கையில் கொடுத்தார். "அங்கிள், ஆபீஸ்ல ஆளைக் குறைக்கிறாங்க. அந்த லிஸ்ட்ல என் பேர் இருக்குமான்னு…" என்று இழுத்தார். நான் சாமியில்லை என்று எவ்வளவோ சொன்னேன். போகாமல் நின்றார். இரண்டு குழந்தைகள் அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு, "உன் பேர் வராது, போ" என்று சொல்லிவிட்டேன். வனஜா விபூதித் தட்டை நீட்டினாள், பூசியும் விட்டேன். தாங்களும் கம்ப்யூட்டர் துறைதானே. அந்தக் கம்பெனியில் நிலவரம் எப்படி என்று விசாரித்து எனக்கு மட்டும் சொல்லுங்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.