பிரிண்டருக்கு ஏழு நாள் கெடு

“இது செத்துப்போச்சுன்னு யார் சொன்னது? தூங்குது!” என்று அப்பா மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். எழும்பிய தூசியில் அவருக்கே மூன்று தும்மல் வந்தது.

தூங்குகிற அந்த ஜீவன் எங்கள் வீட்டு போட்டோ பிரிண்டர். எட்டு மாதமாகத் தூங்குகிறது. வாங்கி வந்த அன்று அப்பா, “இனிமே இந்த வீட்ல ஸ்டுடியோங்கற வார்த்தையே கேக்கக் கூடாது!” என்று முழங்கினார். முதல் வாரம் மொட்டை மாடியிலிருந்து எடுத்த சூரிய அஸ்தமனமாக அச்சடித்துத் தள்ளினார். மொத்தம் பதினோரு படம். அம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

“ஏங்க, இது பதினோரு நாளா, இல்ல ஒரே நாள்ல பதினோரு தடவை முங்கிச்சா?”

அன்றைக்குத் துணி போட்டு மூடியவர்தான். கலைஞர் மனசு!

இப்போது அம்மா கெடு வைத்துவிட்டாள். அம்மா வீட்டிலேயே குழந்தைகளுக்கு கவுன் தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கினால் அது நீதிபதியின் அங்கி மாதிரி.

“ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி. நான் ஒரு படம் குடுப்பேன். எல்லா கலரும் சரியா வரணும். வந்தா மெஷின் இருக்கட்டும். வரலையா, மேஜை எனக்கு. என் ரெண்டாவது தையல் மெஷின் தரையில கிடக்கு.”

“ஒண்ணு என்ன, ஒம்பது அடிச்சுக் காட்டறேன்!”

“ஒண்ணு போதுங்க” என்றாள் அம்மா, பூ மாதிரி. அம்மா பூ மாதிரி பேசினால் நான் இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். அப்பாவுக்கு அந்த அனுபவ ஞானம் பதினெட்டு வருஷமாகியும் வரவில்லை.

திங்கட்கிழமை, என் போட்டோவையே சோதனைக்கு அடித்தோம். கறுப்பு வந்தது, சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது. நீலம் மட்டும் வரவேயில்லை. மஞ்சள் காமாலை வந்த தக்காளி மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

“மை காஞ்சு துவாரம் அடைச்சிருக்கு. தலையைச் சுத்தம் பண்ணணும்” என்றார் அப்பா.

“யார் தலையை?”

“அச்சுத் தலைடி!”

பொத்தானை அழுத்தினார். க்ரீச்ச்... டொக்... உய்ய்ய்ங்ங்... டொக் டொக்! பல்வலிக்காரர் வாய் கொப்பளிக்கிற மாதிரி அது கத்தியது. மூன்றாவது கொப்பளிப்பில் நீலம் வந்துவிட்டது. அப்பா ஒற்றைக் காலில் ஆடினார். ஆடிக்கொண்டே போய், சுவரில் இருந்த ஸ்விட்சை ‘டப்’பென்று அணைத்தார்.

அணைக்காமல் இருப்பாரா? அவர் மின்சார ஆபீசில் மேற்பார்வையாளர். சுவரில் ஒரு சிவப்பு விளக்கு சும்மா எரிந்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் நீலம் போயே போச்சு. மறுபடி கொப்பளிப்பு, மறுபடி நீலம், மறுபடி ஆட்டம், மறுபடி ‘டப்’.

புதன்கிழமையும் அதே கதை. நீல மை மட்டும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது.

“என்னங்க, குடிக்கறதைவிட கொப்பளிக்கறது ஜாஸ்தியா இருக்கே?” என்று அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

அப்பா நேரே எதிர்வீட்டு மாமாவிடம் ஓடினார். அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, தெரிந்ததும் எதுவும் கிடையாது.

“காயறதுதானே சார் வியாதி?” என்றார் மாமா, மூக்கால். “அப்ப ஈரம்தான் சார் மருந்து. ரொம்ப சிம்பிள்.”

அரை மணி நேரத்தில் பிரிண்டருக்கு ஈரத் துண்டு போர்த்தியாகிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

“காய்ச்சலா? கஞ்சி வெக்கட்டுமா?”

“நீ போம்மா, உனக்கு இது புரியாது!”

“எனக்கு எதுங்க புரியுது” என்று போய்விட்டாள். துண்டிலிருந்து தண்ணீர் உள்ளே சொட்டுவதற்குள் நான்தான் பாய்ந்து எடுத்தேன்.

வியாழக்கிழமை அம்மா என்னைத் தையல் மெஷின் பக்கம் இழுத்தாள். கையில் பிரிண்டரின் விளக்கப் புத்தகம். அப்பா பிரித்தே பார்க்காதது.

“இந்தப் பக்கத்தை உங்கப்பாகிட்ட காட்டு. நீயே கண்டுபிடிச்ச மாதிரி காட்டணும்.”

“ஏம்மா, அவர் தோத்தா உனக்குத்தானே மேஜை?”

“சொன்னதைச் செய்டி. கேள்வி கேட்டா நூல் சிக்கிக்கும்.”

போனேன். வாத்தியார் குரலில் வாசித்தேன்: “முதலில் மெஷினில் உள்ள பொத்தானை அழுத்தி அணைக்கவும். அச்சுத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். அதற்கு முன் சுவர் ஸ்விட்சை அணைத்தால், தலை பாதி வழியில் திறந்தபடி நின்று காய்ந்துவிடும்.”

அப்பா முகத்தில் ஃப்யூஸ் போனது.

“அப்படின்னா... மூணு நாளா நான் பேனாவை மூடாமலே...”

“ஆமா. எட்டு மாசமாவும்.”

“உங்கம்மாகிட்ட சொல்லிடாதே!”

“சத்தியமா சொல்ல மாட்டேன்” என்றேன். பொய்யே இல்லை, சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அன்று கொப்பளிக்க வைத்து, பொத்தானில் அணைத்தார். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா அதைப் பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டியபடியே சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் அடித்தோம். நீலம் அங்கேயே இருந்தது! சனிக்கிழமையும் இருந்தது!

ஞாயிறு, பத்து மணி. எதிர்வீட்டு மாமாவும் வந்து நின்றார். அம்மா நீட்டிய படத்தில் வானவில் மாதிரி ஏழு கவுன்கள். நீலத்திலேயே மூன்று ரகம். அப்பா காகிதத்தைச் சொருகினார். பொத்தானை அழுத்தினார். உய்ய்ங்... காகிதம் ஒரு விரற்கடை வந்தது. நின்றது. மாமா மூச்சை இழுத்தார். மறுபடி நகர்ந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள்... கடைசியில் நீலம், நீலம், நீலம்!

“பார்த்தியா!” அப்பா எம்பிய எம்பில் மின்விசிறி தப்பித்தது. “வாரம் ஒரு பக்கம் அடிச்சுட்டே இருந்தா காயவே காயாது! தெரிஞ்சுக்கோ!”

“அப்படியாங்க?” அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, தையல் பார்க்கிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தாள். “நல்லா வந்திருக்கு. நீங்க ஜெயிச்சுட்டீங்க. இந்தாங்க, மிச்சம் முப்பத்தொம்பது.”

“எது?”

“கவுன் மாடல். வர்றவங்களுக்குக் காட்ட ஆல்பம் வேணும்னு எட்டு மாசமா கேக்கறேனே. ரிப்பேர் பண்ணித் தாங்கன்னு தன்மையா பத்து தடவை சொன்னேன், ‘பார்க்கலாம்’னீங்க. மேஜையை எடுத்துடுவேன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். ஒரே வாரத்துல வேலை முடிஞ்சது.”

“அப்ப தரையில கிடக்கற தையல் மெஷின்?”

“அதுக்குப் போன மாசமே மேஜை சொல்லியாச்சு. சாயங்காலம் வருது.”

மாமா சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார். அப்பா கொஞ்ச நேரம் காகிதத்தை அடுக்கினார். பிறகு மெதுவாக, “நடுவுல என் அஸ்தமனம் ஒண்ணே ஒண்ணு...” என்றார்.

“மெஷின் சும்மா இருக்கறப்ப போட்டுக்கோங்க” என்றாள் அம்மா, பூ மாதிரி.

மூன்று மாதம் ஆகிறது. அம்மா ஆல்பம் மேல் ஆல்பமாக அடித்துக்கொண்டிருக்கிறாள், மெஷினுக்கு ஓய்வே இல்லை. எங்கள் வீட்டில் இன்றுவரை சும்மா இருப்பவர் அப்பா ஒருவர்தான்.