ஏட்டையாவைக் குளத்தில் சேர்த்த கதை

பரீட்சை என்றால் எனக்குப் பயம் இருந்ததே இல்லை. கேள்வித்தாளில் எது இருந்தாலும் என்னிடம் பதில் இருக்கும். கேள்வித்தாளுக்கு வெளியே இருக்கும் உலகத்தில்தான் அடிக்கடி வழுக்கி விழுவேன். பால் பொங்கும்போது அடுப்பை அணைப்பதா, பாத்திரத்தை இறக்குவதா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன்; அதற்குள் பால் தன் முடிவை எடுத்திருக்கும். (விலங்கியலில் முதுகலை. வகுப்பில் முதலிடம். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.)

கோமு பிறந்த பிறகு வேலை என்ற பேச்சையே விட்டிருந்தேன். அவளுக்கு ஐந்து வயது ஆனபோது ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. பல்கலைக்கழக வளாகத்துக் குளத்தில் என்னென்ன பறவை, மீன், ஆமை வாழ்கின்றன என்று கணக்கெடுக்க ஓர் உதவியாளர் தேவை. வாரத்தில் மூன்று நாள் போனால் போதும். சங்கரன்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் போய், கோமு பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் திரும்பிவிடலாம். நான் படித்த படிப்புக்கும் பிள்ளை வளர்க்கும் நேரத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிற வேலை இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அது ஒன்றுதான் என்று தோன்றியது. அது கிடைக்கவில்லை என்றால் என் பட்டத்தை பீரோவில் பாச்சை உருண்டையோடு நிரந்தரமாக வைத்துவிட வேண்டியதுதான்.

அதே வாரத்தில் வீட்டில் இன்னொரு பிரச்சினையும் முற்றியிருந்தது. அதன் பெயர் ஏட்டையா.

கோமுவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு என் கொழுந்தனார் சென்னையிலிருந்து கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவந்த ஆமைக்குஞ்சு அது. வரும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். பச்சை நிறம், கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புப் பட்டை. போலீஸ் ஏட்டின் சட்டைக்கையில் இருக்கும் பட்டையைப் போல இருக்கிறதென்று என் வீட்டுக்காரர் வைத்த பெயர்தான் ஏட்டையா. இரண்டே வருடத்தில் ஏட்டையா சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டார். தீனி டப்பாவைக் குலுக்கினால் தொட்டியின் எந்த மூலையில் இருந்தாலும் பாய்ந்து வருவார். ஒருநாள் தண்ணீர் மாற்றாவிட்டால் தெருமுனை வரைக்கும் மணப்பார். ஒருமுறை கோமுவின் விரலைத் தீனி என்று நினைத்துக் கவ்வியும் விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஆமையிடமிருந்து குழந்தைகளுக்குக் கிருமி தொற்றும் என்று ஃபோனில் படித்தேன். மருந்து போட்டுத் தொட்டியைக் கழுவினால் ஆமைக்கு ஆகாது என்று அதற்குக் கீழேயே போட்டிருந்தது. (இரண்டையும் நம்பினேன். நான் அப்படித்தான்.)

"யாருக்காவது குடுத்திரேன்ட்டி" என்றார் வீட்டுக்காரர்.

"எவன் வாங்குவான்?" என்றார் அத்தை, அவரைப் பெற்றவர். "ஆமைன்னா வாசப்படி தாண்ட விடமாட்டாவ. நம்ம வீட்டுலதான் பேரு வச்சு, பிறந்தநாள் கொண்டாடி வச்சிருக்கோம்."

கோவில் தெப்பத்தில் விடலாமா என்று யோசித்தேன். யாராவது பார்த்துவிட்டால்? கிணற்றில் விட்டால் வெயில் காய ஏறி உட்கார இடம் இருக்காதே? அப்போதுதான் இன்டர்வியூவுக்காக நான் தேடி வைத்திருந்த அந்தக் குளத்தின் புகைப்படம் கண்ணில் பட்டது. விரிந்த தண்ணீர், நடுவில் திட்டு, திட்டில் மரங்கள், மரமெல்லாம் பறவைகள். பெண்ணுக்கு நல்ல ஹாஸ்டல் அமைந்துவிட்ட தாயைப் போல எனக்கு நெஞ்சு நிறைந்தது. இன்டர்வியூவுக்கு எப்படியும் போகிறோம். போகிற போக்கில் ஏட்டையாவையும் சேர்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஏட்டையா பெரிய படிப்புப் படிக்கப் போகிறார் என்று கோமுவிடம் சொன்னோம்.

"அம்மா மாதிரியா?" என்று கேட்டாள்.

"அம்மாவ விட நல்லாப் படிப்பாரு" என்றார் அவள் அப்பா. எதை நினைத்துச் சொன்னாரோ, பலித்துவிட்டது.

அவர் கடைக்கு லீவு போட்டார். நான் இன்டர்வியூவில் இருக்கும்போது கோமுவைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஏட்டையா மூடி போட்ட வாளியில் வந்தார். மூச்சுத் திணறுமோ என்று பயந்து மூடியில் நான் ஏகப்பட்ட ஓட்டைகள் போட்டிருந்ததால் பஸ் வளையும்போதெல்லாம் பக்கத்து சீட் அண்ணாச்சியின் வேட்டியில் தண்ணீர் தெறித்தது.

"வாளியில என்னம்மா, மீனா?"

"இல்ல அண்ணாச்சி, ஏட்டையா" என்றாள் கோமு. அவர் அடுத்த நிறுத்தத்திலேயே வேறு சீட் பார்த்துப் போய்விட்டார்.

இன்டர்வியூவுக்கு நேரம் இருந்ததால் முதலில் குளத்துக்குப் போனோம். புகைப்படம் பொய் சொல்லவில்லை. திட்டு முழுவதும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. பட்ட மரத்தில் ஒரு பாம்புத்தாரா, ஈரத்துணி உலர்த்துவதுபோல இறக்கையை விரித்துப் பிடித்தபடி அசையாமல் நின்றது. கரையோரத்தில் ஒரு முக்குளிப்பான் முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நீந்தியது. இறகுக்குள்ளிருந்து இரண்டு வரித்தலைகள் மட்டும் எட்டிப் பார்த்தன. தாய் சட்டென்று முங்கியது. குஞ்சுகள் தண்ணீரில் மிதந்துகொண்டு திருதிருவென்று விழித்தன.

"எம்மா, அதுக அம்மா எங்க போயிட்டா?" கோமு என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மீன் பிடிக்கப் போயிருக்கா. வந்திருவா." சொன்னேனே தவிர, அது மேலே வரும்வரை நானும் மூச்சு விடவில்லை. சற்றுத் தள்ளி யாரும் எதிர்பார்க்காத இடத்தில் அலகில் மீனோடு எழும்பியது. இந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்று அந்த நிமிஷத்தில் வெறியே வந்துவிட்டது. சம்பளத்துக்காக அல்ல. அது எங்கே முங்கி எங்கே எழுகிறது என்று தினமும் பார்க்க வேண்டும்போல இருந்தது.

தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்த மரக்கட்டையில் நம் ஊர்க் குளங்களில் இருக்கும் காராமைகள் இரண்டு மூன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தன. 'பாருங்க ஏட்டையா, கூட்டாளிகள் கூட இருக்காங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவரை இறக்கிவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். எனக்குக் கண் கலங்கியது. கோமு கலங்கவில்லை, "லீவுக்கு வருவாருல்லா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்டர்வியூ அறையில் இரண்டு பேர். திட்டத்தை நடத்தும் பேராசிரியை மேடம். அவருக்குப் பக்கத்தில், ஓய்வு பெறும் வயதில், கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சார். (தூங்குகிறார் என்று நான் சொல்ல மாட்டேன்.) கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மேடத்தின் முகம் மலர மலர எனக்குத் தெம்பு கூடியது.

"கடைசிக் கேள்வி. இந்த மாதிரிக் குளத்துக்கு எதெல்லாம் ஆபத்து?"

இது நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பகுதி. மடை திறந்தேன். சாக்கடை நீர், பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. "அப்புறம் மேடம், வீட்டில் வளர்த்துட்டு ஜனங்க கொண்டுவந்து விடுற அந்நிய ஆமை. ரெட் இயர்டு ஸ்லைடர். நம்ம ஊர் ஆமைகளோட இரையையும் வெயில் காயுற இடத்தையும் பிடுங்கிக்கும். நோயும் பரப்பும். அடையாளம் என்னன்னா மேடம், கண்ணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் சிவப்பு..."

பட்டை என்ற சொல் வாயிலிருந்து வரவில்லை.

என் கைப்பையில் ஏட்டையாவின் வாளியைத் துடைத்த துணி ஈரத்தோடு இருந்தது. அந்த ஆமையின் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! அதன் லத்தீன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் எழுதுவேன். அது ஏட்டையாவின் முகம் என்று ஒருநாள் கூட எனக்குத் தோன்றியதில்லை.

"சிவப்புப் பட்டை. சரியாச் சொன்னீங்க!" மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேரில் பார்த்திருக்கீங்களா?"

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். பால் பொங்கியது.

"பார்த்திருக்கேன் மேடம். இன்னைக்குக் காலையில."

"எங்கே?"

"இந்தக் குளத்துலதான்."

மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இத்தனை வருடமாகப் பார்க்கிறோம், ஒன்றுகூட இல்லாமல் காப்பாற்றி வைத்திருந்தோமே என்று புலம்பிக்கொண்டே பைனாகுலரை எடுத்தார். சார் கண்ணைத் திறந்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த அடுத்த ஆளான, இளையரசனேந்தலிலிருந்து வந்திருந்த ராஜி என்ற பெண்ணும், இதுவும் இன்டர்வியூவில் ஒரு பகுதி என்று நினைத்து எங்கள் பின்னால் ஓடிவந்தாள்.

கூட்டமாக வருவதைப் பார்த்து மரத்தடியில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "என்னட்டி, இன்னைக்கே வேலையில சேரச் சொல்லிட்டாவளா?" என்று காதருகே கேட்டார்.

மரக்கட்டையில் இப்போது ஏட்டையா மட்டும் நடுநாயகமாக வீற்றிருந்தார். காராமைகளைக் காணோம்.

மேடம் பைனாகுலரில் பார்த்தார். "இந்த அளவுக்கு வளர்ந்திருந்தா பெண்ணாத்தான் இருக்கும். முட்டை போட ஆரம்பிச்சா அவ்வளவுதான். பொறி வைக்கணும். மாசக்கணக்கில் ஆகலாம். சிக்காமலே போகலாம்." அவர் குரல் தழுதழுத்தது. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும், சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

கோமு முந்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அவரு எங்க ஏட்டையா! எங்கம்மாதான் இங்க படிக்கச் சேத்துவிட்டா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நாரைகளைப் பார்த்தார்.

"கூப்பிட்டா வருவாரு" என்று சொல்லிவிட்டு, தன் கவுன் பையிலிருந்து தீனி டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். (அதை அவள் எடுத்துவந்தது எனக்கே தெரியாது.) டப்பா சத்தம் கேட்டதும் ஏட்டையா கழுத்தை நீட்டினார். தொபுக்கென்று தண்ணீரில் இறங்கினார். குளத்தின் குறுக்கே ஒரு கோடு எங்களை நோக்கி நேராக வந்தது.

பிடித்தால் நான்தான் பிடிக்க வேண்டும் என்று செருப்போடு இறங்கினேன். முதல் அடியில் சேறு செருப்பை வாங்கிக்கொண்டது; இரண்டாவது அடியில் என்னையே வாங்கிக்கொண்டது. இன்டர்வியூவுக்கென்று வாங்கிய புதுச்சேலையோடு குளத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏட்டையா என் முழங்காலில் மோதிக் கொஞ்சம் குழம்பித் திரும்பிப் போகப் பார்த்தார். அதற்குள் ராஜி சுடிதாரை முட்டுவரை ஏற்றிச் சுருட்டிக்கொண்டு இறங்கி, ஓட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து, கடி படாமல் அலாக்காகத் தூக்கிவிட்டாள். கரையில் இருந்த சார் கண்ணீர் வரச் சிரித்தார்.

"எம்.எஸ்சி. விலங்கியலா?" என்றார் மேடம்.

"ஆமா மேடம்" என்றேன் தண்ணீருக்குள்ளிருந்து.

"படிச்ச காலேஜ் பேரை வெளியே சொல்லாதீங்க." அப்புறம் கை நீட்டி என்னை மேலே இழுத்தார். "ஏம்மா, இவ்வளவு தெளிவா அடையாளம் சொன்னீங்க. வீட்டிலேயே இருந்த முகம் தெரியலையா?"

"அதைப் பாடத்துல லத்தீன் பேர்ல படிச்சேன் மேடம். வீட்டுல ஏட்டையாவா வளர்த்தேன். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னு தோணவே இல்ல."

மேடம் ஒரு துண்டு வரவழைத்துக் கொடுத்தார். ஏட்டையா வந்த வாளியிலேயே எங்களோடு வீடு திரும்பினார்.

அடுத்த வாரம் ஃபோன் வந்தது. வேலை ராஜிக்கு. நியாயம்தான், நானே தேர்வுக் குழுவில் இருந்திருந்தாலும் அவளுக்குத்தான் போட்டிருப்பேன். ஃபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தபோது மேடம் சொன்னார்: "உங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. சம்பளம் கிடையாது. உங்க பக்கம் யார் வீட்டிலாவது இந்த ஆமை வேண்டாம்னா, குளத்தில் விடாம உங்ககிட்ட கொடுக்கச் சொல்றேன். செய்வீங்களா?"

நான் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. திருவேங்கடத்திலிருந்து ஒரு புதுமணத் தம்பதி கல்யாணப் பரிசாக வந்த ஆமையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பஸ்ஸில் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்றை விட்டுப் போனார். மொட்டைமாடியில் வலை போட்ட சிமென்ட் தொட்டி கட்டினோம். அந்தக் குளத்துக்கும் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், கோமுவோடு, கூலியில்லாத ஆளாக. முக்குளிப்பான் எங்கே முங்கி எங்கே எழும் என்பதை இன்னும் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

போன மாதம் கொழுந்தனாருக்குப் பெண் பேசி, பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். மாடிக்குப் போனவர்கள் தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"மூத்த மருமக என்ன வேல பாக்கா?" என்று பெண்ணின் அம்மா பேச்சை மாற்றினார்.

அத்தை முகத்தில் சலனமே இல்லை. தொட்டியைக் கையால் காட்டினார்.

"யுனிவர்சிட்டி வேல. சம்பளம்லாம் ரூவாயாத் தரமாட்டாவ. வருசத்துக்கு ஒரு ஆமை குடுப்பாவ."