லாம்பர்ட்டின் ஓட்டும் ஆர்டித்தின் காலி மனையும்

"என் மூச்சு இருக்கிற வரைக்கும் இந்த ஊருக்குள்ள கஞ்சாக் கடை வராது," என்று லாம்பர்ட் ஹூக்ஸ்மா சபதம் செய்தபோது, அதைக் கேட்க அவர் மனைவி ஆர்டித் ஒருத்திதான் இருந்தாள். அவளும் பாதிக் காதால்தான் கேட்டாள். அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"மருந்துக் கடைங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் தருவாங்களாம்," என்றாள் ஆர்டித்.

"பேரை மாத்தினா சாராயம் பாலாயிடுமா?"

"நான் என்னத்தைக் கண்டேன். உப்பு போதுமா பாருங்க."

லாம்பர்ட் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். உப்பு போதும் என்றார். அவர் எதையாவது போதும் என்று ஒத்துக்கொண்டது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

பெல்லர்ஸ் கார்னர் ஊர் மன்றத்தில் அவர் பல வருஷமாக உறுப்பினர். டிராக்டர் உதிரி பாகம் விற்று ஓய்வு பெற்றவர். மன்றத்தில் அவருக்குப் பிடித்த ஒரே சொல் 'வேண்டாம்'. நாலு முக்கில் சிக்னல் விளக்கு வேண்டாம். ஏரிக்கரையில் பெஞ்சு வேண்டாம், உட்கார்ந்து பழகிவிடுவார்கள். ஊருக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் தேவைதானே என்று ஜனங்களும் ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்கே குத்தினார்கள்.

இப்போது அவர் வாழ்நாளிலேயே பெரிய 'வேண்டாம்' காத்திருந்தது. மிச்சிகன் மாநில அரசு மருத்துவக் கஞ்சாவுக்குச் சட்டம் போட்டுவிட்டு, கடை திறக்க விடுவதும் விடாததும் அந்தந்த ஊர் மன்றத்தின் இஷ்டம் என்று கையைக் கழுவிக்கொண்டது. பழைய செருப்புக் கடைக் கட்டடத்தில் திறக்கிறேன் என்று ரெனாட்டா என்கிற முன்னாள் நர்ஸ் விண்ணப்பம் போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு.

கணக்கை லாம்பர்ட் விரல் விட்டுப் போட்டு வைத்திருந்தார். உறுப்பினர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தர் பனிக்குப் பயந்து ஃப்ளோரிடாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார், ஏப்ரல் பிறக்காமல் திரும்ப மாட்டார். மீதி நாலு பேர். தலைவர் ஃபிலிஸும் ஓர்வலும் கடைக்கு ஆதரவு. லாம்பர்ட்டும் வெர்லினும் எதிர்ப்பு. ரெண்டுக்கு ரெண்டு வந்தால் தீர்மானம் தோற்றது. ஆக, ஊரின் கற்பு லாம்பர்ட்டின் ஒரு கையைத் தூக்குவதில் இருந்தது.

ஒரே ஒரு குறை. முடிவெட்டும் கடையில், "லாம்பர்ட்டுக்கு மூட்டுவலியா முதுகுவலியா, அந்தக் கஷ்டம் அவருக்கு எங்க தெரியும், வீம்புக்கு எதிர்க்கிறார்," என்று பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊர்ப் பெண்களில் யாராவது எழுந்து தனக்காக நாலு வார்த்தை பேசினால் வாயடைத்துப் போவார்கள் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்ததில், தன் பேச்சைத் தட்டாத பெண் ஊரிலேயே ஒருத்திதான் இருந்தாள்.

"ஆர்டித், செவ்வாய்க்கிழமை நீ கூட்டத்துல பேசணும்."

"நானா? நான் பிஸ்கட்டு கொண்டு வர்றதோட சரிங்க."

"இந்தத் தடவை பேசுறே. பொதுமக்கள் பேச நேரம் விடுவாங்க இல்ல, அதுல. நான் எழுதித் தர்றேன்."

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்," என்றாள் ஆர்டித். "மொதல்ல என்ன செய்யணும்?"

லாம்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மன்றத்து விதிகளைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மைக்குக்கு முன்னால போய் நின்னு பேரும் விலாசமும் சொல்லணும். அப்புறம் மூணு நிமிஷம். ஃபிலிஸ் முட்டை வேகவைக்கிற கடிகாரத்தைத் திருகி வச்சிடுவா. அது மணியடிக்கிற வரைக்கும் உன்னை யாரும் மறிக்க முடியாது. நானே நினைச்சாலும் முடியாது."

"நீங்களே நினைச்சாலுமா?"

"நானேதான். நான் கொண்டு வந்த விதி அது."

"அடேயப்பா," என்றாள் ஆர்டித். "சரி, ஒருவேளை நான் பேசியும் உங்க பக்கம் தோத்துட்டா? அந்தப் பொண்ணு கடையைத் திறந்துடுவாளா?"

"திறக்கவே முடியாது. அதுக்கும் ஆப்பு வச்சிருக்கேன்." லாம்பர்ட் குரலைத் தாழ்த்தினார், சமையலறையில் வேறு யாரும் இல்லை என்றாலும். "கடைக்குன்னு தனியா எட்டு கார் நிறுத்த இடம் வேணும்னு விதியில சேர்த்துட்டேன். செருப்புக் கடைக்கு ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடையாது. பக்கத்துல காலியா இருக்கிறது ஒரே ஒரு மனை. அது யாரோடது?"

"எங்கப்பா எனக்கு எழுதி வச்சது."

"அப்புறம் என்ன? அவ தலைகீழா நின்னாலும் நடக்காது."

ஆர்டித் மாவை உருட்ட ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் உருட்டினாள். நடுவில் பாதாம் விழுது இருந்த ஜாடியை அவர் பக்கம் தள்ளினாள், அவர் திறந்து கொடுத்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் ஜாடி திறக்கிற வேலை அவருடையதாகவே ஆகிவிட்டிருந்தது. வயசானாலும் தன் கைப்பலம் அவளுக்குப் பெருமைதான் போலிருக்கிறது என்று லாம்பர்ட் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, முன்னொரு தடவை ஓர்வலை ஓட்டுப் போட விடாம எழுப்பி விட்டீங்களே, அது என்ன விஷயம்?"

இதைக் கேட்டதும் லாம்பர்ட் முகத்தில் வந்த வெளிச்சத்தில் சூப்பே இன்னொரு தடவை கொதித்திருக்கும். அது அவருடைய வெற்றிகளிலேயே தலையாயது. "பனி அள்ளுற காண்டிராக்டு ஓட்டுக்கு வந்துச்சு. ஓர்வல் பொண்டாட்டி அந்தக் கம்பெனி ஆளுங்களுக்குக் காபி வித்திருக்கா. விட்டேனா நான்? வீட்டுக்காரிக்கு ஆதாயம் இருந்தா வீட்டுக்காரன் ஓட்டுப் போடக் கூடாதுன்னு எழுந்து நின்னேன். வெறும் காபிதானேன்னு கெஞ்சினான். ஒரு கோப்பைக் காபின்னாலும் ஆதாயம் ஆதாயம்தான்னு சொல்லிட்டேன். மன்றத்து வக்கீலும் ஆமான்னுட்டார்."

"அப்புறம் ஓர்வல் என்ன செஞ்சாரு?"

"என்ன செய்வான்? ஓட்டு முடியிற வரைக்கும் அறையிலயே இருக்கக் கூடாது. வெளியில கோட்டு மாட்டுற இடத்துல போய் உக்காந்தான்."

"பாவம்," என்றாள் ஆர்டித், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்து மாடியில் கூட்டம் கூடியது. மில் தெரு தொட்டு பால் பண்ணை வரைக்கும் எல்லாரும் வந்துவிட்டார்கள். ரெனாட்டா கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்டித் மாதாகோவிலுக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். லாம்பர்ட் புதினா மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் ராஜாவாக உட்கார்ந்தார்.

பேர் கூப்பிட்டதும் ஆர்டித் எழுந்து மைக்குக்கு வந்தாள். ஃபிலிஸ் கடிகாரத்தைத் திருகினாள்.

"ஆர்டித் ஹூக்ஸ்மா. மில் தெரு, பச்சைக் கதவு வீடு," என்றாள். கூட்டத்தில் சிரிப்பு. அந்த வீட்டு பிஸ்கட்டைத் தின்னாதவர் அங்கே யாரும் இல்லை.

லாம்பர்ட் தான் எழுதிக் கொடுத்த முதல் வரியை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'நம் பிள்ளைகளின் எதிர்காலம்...'

"பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடணும்," என்றாள் ஆர்டித். "எனக்கு ஆதாயம் இருந்தா சொல்லணும்னு என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்திருக்கார். செருப்புக் கடைக்குப் பக்கத்து மனையை நேத்து ரெனாட்டாவுக்கு வாடகைக்கு விட்டுட்டேன். எட்டு கார் தாராளமா நிக்கும்."

லாம்பர்ட்டின் புதினா மிட்டாய் முழுசாகத் தொண்டைக்குள் இறங்கியது. அவர் இருமி முடிப்பதற்குள் ஓர்வல் கையைத் தூக்கிவிட்டார். எத்தனை வருஷமாக அந்தக் கை இதற்காகக் காத்திருந்ததோ, தெரியாது.

"தலைவரம்மா, ஒரு சின்ன சட்டச் சந்தேகம்."

"மணியடிக்கிற வரைக்கும் யாரும் மறிக்கக் கூடாது, ஓர்வல்," என்றாள் ஃபிலிஸ். "லாம்பர்ட் கொண்டு வந்த விதி."

"காத்திருக்கேன். எனக்கென்ன அவசரம்."

"மறிச்சுப் பேசறதுக்கில்ல, ஆனா..." என்று லாம்பர்ட் ஆரம்பித்தார். ஃபிலிஸ் பென்சிலால் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆர்டித் கோட்டுப் பையிலிருந்து கைகளை வெளியே எடுத்து மைக்குக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். விரல் முட்டிகள் ஒவ்வொன்றும் வீங்கிப் போயிருந்தன. "ரெண்டு வருஷமா இப்படித்தான். டாக்டர் இந்தக் கஞ்சாத் தைலத்தை எழுதிக் கொடுத்தார். தடவினா விரல் மடங்குது, மாவு உருட்ட முடியுது. அதை வாங்க பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை நாற்பது மைல் கார் ஓட்டிப் போறேன். போர்வை தைக்கிற சங்கத்துக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டுத்தான். போன மாசம் பாலத்துல பனி உறைஞ்சிருந்துச்சு. ஸ்டீயரிங்கைத் திருப்ப விரல் மடங்கல. கார் தடுப்புச் சுவர்ல போய் நின்னுச்சு. அங்கேயே உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன்."

காரில் விழுந்திருந்த கீறலைப் பார்த்துவிட்டு, தபால்பெட்டியில் இடித்தாயா என்று தான் கத்தியது லாம்பர்ட்டுக்கு ஞாபகம் வந்தது. ஜாடிகளும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. வீட்டுக்குள்ளேயே இருந்தும் கண்ணில் படாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

"அவ்வளவுதான்," என்றாள் ஆர்டித். "பிஸ்கட்டு பின்னாடி மேசையில இருக்கு." கடிகாரம் மணியடித்தது.

ஓர்வல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இப்ப கேக்கலாமா? வீட்டுக்காரிக்கு ஆதாயம் இருந்தா வீட்டுக்காரர் ஓட்டுப் போடலாமான்னு தெரிஞ்சுக்கணும். வாடகை எவ்வளவும்மா?"

"வருஷத்துக்கு ஒரு டாலர்."

"ஒரு டாலர் ஆதாயமா?" என்று ஓர்வல் கேட்டார். அவர் பார்த்தது வக்கீலை அல்ல, லாம்பர்ட்டை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கோப்பைக் காபியே ஆதாயம்னு இந்த மன்றம் முடிவு பண்ணியிருக்கு. மீதி மூணு பேர் இருந்தா கூட்டம் நடத்தலாம். மன்னிக்கணும் லாம்பர்ட்."

லாம்பர்ட் எழுந்தார். எதிர்த்து வாதாடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆனால் வாதாட வேண்டியது தன்னோடுதான் என்று தெரிந்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டார். வழியில் வெர்லின் பரிதாபமாகப் பார்த்தார். பின்மேசையைக் கடக்கும்போது லாம்பர்ட் ரெண்டு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, கோட்டு மாட்டுகிற இடத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே ரெண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. கைதட்டல் கேட்டது. தோற்றுப்போன மனுஷனுக்கு வர வேண்டிய கோபம் வரவில்லையே என்று லாம்பர்ட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. இனி அவள் அந்தப் பாலத்தில் போக வேண்டியதில்லை என்பதே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டாவது பிஸ்கட்டையும் தின்றார்.

ஆர்டித் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா கடைக்குக் கை தூக்கியிருப்பீங்களா?"

லாம்பர்ட் நேர்மையானவர். "யோசிச்சிருப்பேன்."

"அந்தச் சிரமம் உங்களுக்கு எதுக்குன்னுதான்."

"வலிக்குதுன்னாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா ஜாடி திறந்து கொடுத்தீங்க. கெடுக்க மனசு வரல."

லாம்பர்ட் அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் தன் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஊர் அவரைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. நியாயஸ்தன், சொந்த ஓட்டையே விட்டுக்கொடுத்துவிட்டு மறுபேச்சில்லாமல் வெளியே போனான் என்று முடிவெட்டும் கடையில் புகழ்ந்தார்கள். முதல் வாரம் லாம்பர்ட் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது வாரம், "நானும் ஆர்டித்தும் முன்னாலேயே பேசி வச்சதுதான்," என்றார். மூன்றாவது வாரம் முழுத் திட்டமும் அவருடையதாகிவிட்டது.

கடை திறந்த அன்று ஆர்டித்தை அவரே காரில் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பனி. மனையில் எட்டுக் கட்டம் போட்டு வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாம்பர்ட் அவர்களுக்குக் கையசைத்துவிட்டு, வாசலுக்கு நேரான முதல் கட்டத்தில் காரை நிறுத்தினார். ஆர்டித் இறங்கினாள். அவர் வானொலியைப் போட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆர்டித் கண்ணாடியைத் தட்டினாள். "காரை எடுங்க."

"ஏன்? நம்ம இடம்தானே?"

"என் இடம். மருந்து வாங்க வர்றவங்களைத் தவிர யாரும் காருக்குள்ள உக்காந்து இங்க காத்திருக்கக் கூடாதாம். எட்டு கார் விதிக்கு அடுத்த வரியிலயே இருக்காம். உரிமம் போயிடும்னு ரெனாட்டா பயப்படுறா."

"எந்த மடையன் போட்ட விதி அது?"

ஆர்டித் கடைக்குள் நடந்தாள். தெருவில் நின்றவர்கள்தான், நாலைந்து பேரும் சேர்ந்தாற்போல, அவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்கள்.