துணிக்கொடிப் பரணி

ராடார்த் திரையில் பூக்கும் பச்சைப் புள்ளிகளையும் சிவப்புப் புள்ளிகளையும் பெற்ற பிள்ளைகளைப்போல் பேணி, சொன்னது நடந்தால் தம் புலமையென்றும் நடவாவிட்டால் காற்றின் திசைமாற்றமென்றும் இருபுறமும் கரைகட்டி வானத்தை ஆண்டுவந்த வானிலை அலுவலர் வாழி! மேகம் அவருக்கு அஞ்சியதில்லை. அதையும் மன்னித்தருளிய பெருந்தகை அவர். ‘கூடும்’ என்பது அவர் கேடயம். ‘ஓரிரு இடங்களில்’ என்பது அவர் மார்க்கவசம். இவ்விரண்டோடு அவர் புகுந்த களத்தில் அவரை வென்றவர் இலர்.

அன்றும் அவர் திருக்கரத்தால் அறிக்கை எழுந்தது: “அடுத்த இரண்டு நாள்களில் வெப்பம் மிகக் கடுமையாக இருக்கக்கூடும். ஓரிரு இடங்களில் சூறைக்காற்று மற்றும் இடியுடன் கூடிய மிகக் கனமழை பெய்யக்கூடும்.” உலகுக்கு இதை வழங்கிவிட்டு, இரவுப்பணி முடித்துக் காலையில் வீடு திரும்பிய வேந்தர், செருப்பைக் கழற்றுமுன் வாசலிலேயே மறிக்கப்பட்டார்.

மறித்தவர் இல்லக்கிழத்தியார். இடுப்பில் ஈரத்துணி வாளி. மறுநாள் விடிந்தால் தங்கை வீட்டுக்கு ரயிலேற வேண்டியவர். பெட்டியில் அடுக்க வேண்டியதெல்லாம் அவ்வாளிக்குள் இருந்தது.

“காயப்போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“வெயில் இருக்கக்கூடும். ஆனா ஓரிரு இடத்துல…”

“கூடும் கீடும்லாம் ஆபீஸோட வச்சுக்கங்க. நான் கேக்கறது நம்ம மொட்டமாடிய.”

செய்தித்தாளுக்குப் பின்னே பதுங்கியிருந்த மைத்துனர், பல் மருத்துவர், ஊசி போடாமலே பிடுங்க வல்லவர், ஓர் அம்பு தொடுத்தார். “அவரப் போய்க் கேக்கறியேக்கா! மாமா மழைன்னு சொன்னா குடைக் கடைக்காரனே கடைய சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவான்.”

தைத்தது அம்பு. சிலிர்த்தெழுந்த வேந்தர், கேடயத்தை வீசி, கவசத்தைக் கழற்றி, பணியேற்ற நாள்முதல் உரைத்திராத ஒற்றைச் சொல்லை உரைத்தார்.

“போடு! சொட்டு விழாது. விழுந்தா, இனிமே இந்த வீட்ல வானத்தப் பத்தி நான் வாயே திறக்கமாட்டேன்.”

ஏறியது கொடி. மூவேந்தர் கொடியில் மீனும் புலியும் வில்லும் இருந்தனவாம்; இக்கொடியிலோ இரு போர்வைகளும், பூப்போட்ட புடவைகளும், மைத்துனரின் கோடுபோட்ட அரைக்கால்சட்டையும் திகழ்ந்தன. உச்சிவெயில் ஊரை வறுத்தது. தொட்டித் தண்ணீரில் கை வைத்தவர் கையை எடுத்தார். சுவரில் அமர்ந்த காகம் காலை மாற்றி மாற்றி ஊன்றிப் பார்த்து, இறுதியில் நிற்பதையே கைவிட்டுப் பறந்தது. சன்னலோரம் வேந்தர் புன்னகைத்தார். கிழத்தியாரும் பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கடைத்தெருவுக்குச் சென்றார்.

அப்போதன்றோ மேற்கே, சமையலறையில் பால் இருப்பதறிந்த பூனைபோல், ஓசையின்றி வந்து நின்றது ஒரு கருமுகில்!

“மாமா, துணிய எடுத்துடலாமா?” என்று கீழிருந்து தேனொழுகக் கேட்டார் மைத்துனர்.

ஒரு கிளிப்பைத் தொட்டாலும் தோல்வி. படியேறிய வேந்தர், கொடிக்கும் முகிலுக்கும் இடையே கைகட்டி நின்று, எண்திசையும் அதிர முழங்கினார்: “முகிலே! காற்றழுத்தம் உன் பக்கம் இல்லை. ஈரப்பதம் உனக்குத் துணை இல்லை. கலைந்து செல்!”

அறிக்கை படிக்கும் பழக்கமில்லாத அம்முகில், முரசறைந்து, மின்னல்வாள் சுழற்றி, குடங்குடமாய்க் கொட்டியது. சூறைக்காற்று பகைவனின் அரைக்கால்சட்டையைச் சிறைப்பிடித்து அண்டைவீட்டு மாடியில் சேர்த்தது. போர்வைகள் வீரர்போல் கனத்துச் சாய்ந்தன. வேந்தர் மட்டும் நின்றார், மூக்கின் நுனியில் அருவியோடு.

நீர்த்திரையினூடே அவர் கண்ட காட்சியை என்னென்பது! அடுத்த தெருவில் வெயில் பளீரென்று காய்ந்தது. அங்கே ஒருவர் சூடேறிய ஸ்கூட்டர் சீட்டில் அமர்வதும் துள்ளி எழுவதுமாய் இருந்தார். அங்கே கடும் வெப்பம், இங்கே கனமழை! எழுத்துப் பிசகாமல் பலித்ததே அறிக்கை! வெற்றிக்களிப்பில் விண்ணதிரக் கூவினார்: “ஓரிரு இடங்களில்! அந்த ஓரிரு இடம் இதுதான்!”

“வாய மூடுங்க மாமா,” என்றார் மாடிப்படி வாயிலில் நின்ற மைத்துனர். “தொழில் ஆரம்பிச்சதுலேர்ந்து இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அவருக்குப் பின்னே, வெயில் தெருவிலிருந்து கொல்லைவாசல் வழியே ஒரு துளியும் நனையாமல் வந்த கிழத்தியார், புதுப் பூட்டோடு நின்றார்.

“அறிக்கை ஜெயிச்சிடுச்சில்ல? ரொம்ப சந்தோஷம். அந்த முனையப் பிடிங்க, போர்வையப் பிழியணும்.”

அன்று மாலை துணியெல்லாம் ஃபேனுக்குக் கீழே நாற்காலிகளில் காய்ந்தது.